நலமாக இருக்கும் நாளில் எழுதிவைப்பது: இருமுனைக் கோளாறும் மருந்தல்லாத சிகிச்சைகளும்

1948 மார்ச் மாதக் கடைசியில், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரை அடுத்த பண்டூரா மருத்துவமனையில் ஜான் கேட் என்ற மருத்துவர் 51 வயது நோயாளி ஒருவருக்கு லித்தியம் உப்பைக் கொடுக்க ஆரம்பித்தார். ஐந்து ஆண்டுகளாக ஓயாத மன எழுச்சியில் இருந்தவர் அவர். வார்டில் யாரையும் நிம்மதியாக இருக்கவிடாதவர். சில வாரங்களில் அடங்கினார். ஜூலையில் வீடு திரும்பி, பழைய வேலைக்கே போகத் தொடங்கினார். மனநல மருத்துவத்தின் பெரிய திருப்பங்களில் ஒன்றாக இந்தக் கதையைச் சொல்வார்கள். அதன் பிற்பகுதியைச் சொல்பவர்கள் குறைவு. ஆறு மாதம் கழித்து அதே மனிதர் பழைய கோலத்திலேயே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். இத்தனை மாதம் நன்றாக இருந்த தெம்பில் மருந்தில் அசட்டை வந்து, கடைசி ஆறு வாரமாக அடியோடு நிறுத்தியிருந்தார். இதை கேடிடம் சொன்னவர் நோயாளியின் சகோதரர். மறுபடி லித்தியம், மறுபடி குணம். 1950ல், உடலில் அதே லித்தியம் அளவுமீறிச் சேர்ந்து அவர் இறந்துபோனார்.

மருந்து கேட்கிறது; கேட்பதாலேயே அது இனித் தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது. நோய் திரும்புவதை நோயாளிக்கு முன்னால் வீட்டார் பார்த்துவிடுகிறார்கள். மருந்தைப் பற்றிய அறிவு போதாவிட்டால் மருந்தே ஆளைக் கொன்றுவிடும். கேட் லித்தியம் கொடுத்த முதல் நோயாளியிடமே இந்த மூன்றும் வெளிப்பட்டுவிட்டன. இவற்றுக்கு விடை தேடிய உளவியல் ஆய்வுகள் வருவதற்கு இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. அதற்குக் காரணம் உண்டு. இருமுனைக் கோளாறு மூளையின் வேதியியல் சார்ந்தது, மரபுவழி வருவது. பேசிப் பேசி அதை என்ன செய்துவிட முடியும் என்ற எண்ணம் மருத்துவர்களிடம் ஊறிப்போயிருந்தது.

அந்த எண்ணத்தில் பாதி சரி. மருந்தை ஒதுக்கிவிட்டு வெறும் பேச்சால் இந்த நோயைப் பிடித்து நிறுத்தலாம் என்று நம்பத்தகுந்த எந்த ஆய்வும் சொல்லவில்லை. கீழே வரும் அத்தனை சோதனைகளும் மருந்தோடு சேர்த்து நடந்தவைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், "மாத்திரை இல்லாமலே குணப்படுத்துகிறோம்" என்ற பலகைகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

நோயைப் பற்றி ஒரு வார்த்தை. 'பைபோலார்' என்றதும் நினைவுக்கு வருவது மேனியா எனப்படும் மன எழுச்சிதான்: தூங்காமல் திரிவது, நிறுத்தாமல் பேசுவது, கையில் இருப்பதையும் இல்லாததையும் செலவழிப்பது. அமெரிக்காவில் லூயிஸ் ஜட் குழுவினர் 146 நோயாளிகளைச் சுமார் 13 ஆண்டுகள் வாரக்கணக்கில் பின்தொடர்ந்து 2002ல் வெளியிட்ட ஆய்வு வேறொரு சித்திரத்தைக் கொடுத்தது. ஏறத்தாழ பாதி வாரங்கள் அவர்கள் ஏதோ ஓர் அறிகுறியோடுதான் கழித்தார்கள். மனச்சோர்வில் கழிந்தவை 32 சதவீதம். எழுச்சியில் கழிந்தவை 9 சதவீதம். அதாவது ஊர் பார்ப்பது எழுச்சியை. ஆள் அனுபவிப்பது பெரும்பாலும் சோர்வை. இந்திய மருத்துவமனைகளிலிருந்து வந்த ஆய்வுகள் பல, இங்கே எழுச்சியின் பங்கு மேலைநாடுகளைவிட அதிகம் என்று சொல்லிவந்திருக்கின்றன. இந்த வேறுபாட்டைப் பின்னால் வரும் ஒரு கட்டத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உளவியல் தரப்பிலிருந்து வந்த முதல் முறையான சோதனைகளில் ஒன்று மிகச் சிறியது. 1984ல் சூசன் காக்ரன், லித்தியம் சாப்பிடும் 28 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு ஆறு அமர்வுகள் மட்டும் நடத்தினார். பேச்சு முழுக்க மருந்தைப் பற்றியே: ஏன் நிறுத்தத் தோன்றுகிறது, நிறுத்தினால் என்ன ஆகும், பக்கவிளைவை யாரிடம் எப்படிச் சொல்வது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பாதியில் மருந்தை விட்டவர்களும் மருத்துவமனைக்குத் திரும்பியவர்களும் குறைவு.

மருந்தை விடுவது அறியாமையால் மட்டும் நடப்பதில்லை. கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இந்த நோயைப் பற்றிய பெரிய பாடநூலை இணையாசிரியராக இருந்து எழுதிய உளவியலாளர். அவருக்கே இந்த நோய் உண்டு. 1995ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பில், லித்தியத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்தியதையும் அதற்குக் கொடுத்த விலையையும் ஒளிக்காமல் எழுதினார். அளவு கூடுதலாக இருந்த ஆண்டுகளில் ஒரு புத்தகத்தைத் தொடர்ந்து வாசிக்க முடியாமல் போனது. அதோடு, எழுச்சியின் முதல் கட்டத்தில் வரும் அந்தப் பிரகாசத்தை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. அறிவு குறைந்து அவர் மருந்தை நிறுத்தவில்லை. ஆகவே "மருந்தின் அவசியத்தை எடுத்துச் சொல்லிவிட்டோம்" என்று மருத்துவர் கைகழுவிவிட முடியாது. திடீரென்று நிறுத்துவதன் ஆபத்தோ சாதாரணமானதல்ல. லித்தியத்தை நிறுத்தியவர்களைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்து 1991ல் வந்த ஒரு கட்டுரை, புதிதாக வந்த தாக்குதல்களில் பாதிக்கும் மேல் முதல் பத்து வாரங்களுக்குள்ளேயே வந்ததைக் காட்டியது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை மான்செஸ்டரில் நடந்தது. 1999ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அலிசன் பெரியும் சகாக்களும், முந்தைய ஓராண்டுக்குள் நோய் திரும்பியிருந்த 69 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு 7 முதல் 12 அமர்வுகளில் ஒரே ஒரு வித்தை கற்றுக்கொடுக்கப்பட்டது: நோய் திரும்பும்போது தன்னிடம் முதலில் மாறுவது எது என்று அடையாளம் காண்பது, கண்டதும் யாரிடம் போவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பது. கற்றுக்கொடுத்த உளவியலாளர் பெரிய சிகிச்சை அனுபவம் உள்ளவர்கூட அல்ல. விளைவு: கால்வாசிப் பேருக்கு எழுச்சி திரும்புவதற்கு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் 17 வாரம் ஆனது, பயிற்சி பெற்ற குழுவில் 65 வாரம். மனச்சோர்வு திரும்புவதில் எந்த வேறுபாடும் இல்லை.

அந்தக் கடைசி வரியை விழுங்கிவிட்டுப் பேசுபவர்கள் உண்டு. விழுங்கக் கூடாது. எழுச்சிக்கு விளிம்பு இருக்கிறது. ஒரு வாரத்துக்கு முன் இல்லாதது இன்று இருக்கிறது என்று கையைக் காட்டிச் சொல்லலாம். சோர்வோ அரிசியில் கலந்த கல் மாதிரி, அன்றாடக் களைப்போடு கலந்து வருகிறது. பல்லில் படும்போதுதான் தெரியும். எழுச்சி மிகுதியாக வரும் இந்திய நோயாளிகளுக்கு இந்த எளிய பயிற்சி கூடுதலாகவே பயன்படலாம் என்பது என் ஊகம். ஆனால் அதை இங்கே சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த அமர்வில் உண்மையில் நடப்பது என்ன? நலமாக இருக்கும் ஒருவரோடு உட்கார்ந்து, கடைசியாக வந்த இரண்டு மூன்று தாக்குதல்களைப் பின்னோக்கி நடந்து பார்ப்பது. மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வாரம் பின்னால், இரண்டு வாரம் பின்னால், மூன்று வாரம். 'தூக்கம் குறைந்தது' என்று எழுதிவிட்டால் போதாது. அது எல்லாருக்கும் பொது. எழுச்சிக்கு முன் தூக்கம் மாறுவது முக்கால்வாசிப் பேருக்கும் மேல் நடப்பதாக 2003ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. தேவைப்படுவது அந்த ஆளுக்கே உரிய அடையாளம். ஒருவர் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து மொட்டைமாடியைக் கழுவிவிடுவார். இன்னொருவர் பத்து வருஷமாகப் பேசாத பள்ளித் தோழர்களின் நம்பரைத் தேடிப்பிடித்துப் பேசுவார். ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவுக்குப் பிறகு வரிசையாகக் குரல்பதிவு போடுவார். சட்டையைப் பற்றி அக்கறையே இல்லாதவர் திடீரென்று மூன்று வேளையும் மாற்றுவார். கடன் வாங்கியாவது தானம் செய்யக் கிளம்புகிறவரும் உண்டு.

அப்புறம் வருவதுதான் கடினமான வேலை. சாதாரணச் சந்தோஷத்தையும் நோயின் தொடக்கத்தையும் எப்படிப் பிரிப்பது? பழைய நண்பருக்கு போன் பண்ணுவதெல்லாம் வியாதி என்று ஆகிவிட்டால் அந்த மனிதர் வாழ்வது எப்படி? அதனால் தாளில் ஒரு வாசல் குறிக்கப்படும்: இன்ன இரண்டு அறிகுறிகள் சேர்ந்து இரண்டு ராத்திரி நீடித்தால், அப்போதுதான் நடவடிக்கை. நடவடிக்கையும் பொத்தாம்பொதுவாக இராது. மருத்துவர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்திருக்கும் கூடுதல் மாத்திரை. ஏடிஎம் கார்டை மனைவியிடமோ அக்காவிடமோ கொடுப்பது. கைபேசியில் பணம் அனுப்பும் செயலிகளை எடுத்துவிடுவது. ஆபீஸுக்கு இரண்டு நாள் லீவு. மாலையில் கூட்டமும் விவாதமும் இல்லாமல் ஒன்பது மணிக்கு விளக்கை அணைப்பது. தாளின் அடியில், இதைச் சொல்ல உரிமை பெற்ற ஒருவரின் பெயர். மேரி எல்லன் கோப்லாண்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி, தானே இந்த நோயோடு வாழ்ந்தவர், 1997ல் சக நோயாளிகளோடு சேர்ந்து உருவாக்கிய 'ராப்' என்ற திட்டமும் இதே வழியில்தான் போகிறது. நெருக்கடி வந்தால் யார் முடிவெடுக்க வேண்டும், யார் பக்கத்திலேயே வரக் கூடாது என்பதுவரை அதில் எழுதிக்கொள்ளலாம்.

தன்னைத்தானே நிர்வகித்துக்கொள்ளும் முறை என்று இவற்றைச் சொல்கிறோம். ஆனால் எழுச்சியில் முதலில் கெடுவது எந்த நிதானத்தால் நிர்வகிக்க வேண்டுமோ அந்த நிதானம்தான். சர்க்கரை ஏறினால் மீட்டர் காட்டும். மனம் ஏறும்போது மீட்டரும் சேர்ந்து ஏறிவிடுகிறது. தனியாளாகச் செய்யும் எந்தச் சுயகவனிப்பும் இந்த இடத்தில் வழுக்கும். நாற்பது ஆண்டு ஆய்வுகளைப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: நலமாக இருக்கும்போது எழுதப்பட்டு, இன்னொருவர் கையில் கொடுக்கப்பட்டு, நோயின் ஆரம்ப ஆண்டுகளிலேயே தொடங்கப்பட்டவை ஓரளவு நின்றிருக்கின்றன. மற்றவை தடுமாறியிருக்கின்றன.

பார்சிலோனாவின் ஓஸ்பிடால் கிளினிக்கில் பிரான்செஸ்க் கோலோமும் எட்வார்ட் வியெத்தாவும் நடத்திய குழுக்கல்வி இதற்கு நல்ல சாட்சி. 2003ல் வெளிவந்த அந்தச் சோதனையில் 120 பேர், எல்லாரும் குறைந்தது ஆறு மாதம் அறிகுறியின்றி இருந்தவர்கள். 8 முதல் 12 பேர் கொண்ட குழுக்கள், வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், மொத்தம் 21 வகுப்புகள். நோய் என்றால் என்ன, ஒவ்வொரு மருந்தும் என்ன செய்யும், நிறுத்தினால் என்ன நடக்கும், மது, முன்னறிகுறி, தூக்கம், ஒழுங்கான பழக்கங்கள் என்று பாடத்திட்டம் போட்டு நடத்தினார்கள். ஒப்பீட்டுக் குழுவையும் சும்மா விட்டுவிடவில்லை. அவர்களும் அதே அளவு நேரம் கூடிப் பேசினார்கள், பாடம் மட்டும் இல்லை. கூடி உட்கார்ந்தாலே ஆறுதல்தானே என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைத்த ஏற்பாடு. இரண்டு ஆண்டு முடிவில், பாடம் கேட்டவர்களில் 67 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 92 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியிருந்தது. ஐந்து ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, நோய்த் தாக்குதலில் கழிந்த நாட்கள் ஒரு பக்கம் சராசரியாக 154, மறுபக்கம் 586.

67 சதவீதம் என்பது வெற்றியா என்று கேட்கலாம். மூன்றில் இரண்டு பேருக்கு நோய் திரும்பத்தான் செய்தது. ஆனால் 586க்கும் 154க்கும் இடையே இருப்பது ஒரு வருஷத்துக்கும் மேல். ஒரு மனிதர் வேலையில் நீடிப்பதும் மணவாழ்க்கை உடையாமலிருப்பதும் அந்த நாட்களைப் பொறுத்தவை.

மருந்தைப் பற்றிய பாடம் என்றால் என்ன என்பதற்கு லித்தியமே நல்ல உதாரணம். ரத்தத்தில் அதன் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். கொஞ்சம் ஏறினாலும் விஷம். உடலில் நீர் குறைந்தால் ஏறும். உப்பைத் திடீரென்று குறைத்தால் ஏறும். ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளாலும் ஏறும். சித்திரை வெயில், பி.பி.க்காக உப்பைக் குறைப்பது, மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் மாத்திரை: இந்த மூன்றும் ஒரே வீட்டில் ஒரே மாதத்தில் சேர்ந்து நடக்கக்கூடிய ஊர் நம்முடையது. கை கடுமையாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், தள்ளாட்டம் தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்க்க வேண்டும் என்பது லித்தியம் எடுப்பவருக்கும் வீட்டாருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். உளவியல் சிகிச்சை என்ற பெயருக்கு இது மிகச் சாதாரணமாகத் தெரியலாம். கேடின் முதல் நோயாளிக்கு இந்தச் சாதாரணம் கிடைக்கவில்லை.

பார்சிலோனாவின் வெற்றியை இங்கிலாந்து திரும்பச் செய்து பார்த்தது. ரிச்சர்ட் மாரிஸ் குழுவினரின் ஆய்வு 2016ல் வந்தது: 304 பேர், அதே 21 வகுப்புகள், மறுபக்கம் பாடத்திட்டமில்லாத சக நோயாளிகள் குழு. மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அதுவரை ஏழு முறைக்கு மேல் நோய் தாக்காதவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தால் பலன் தெரிந்தது. இதே தடயம் பத்து ஆண்டுகளுக்கு முன்பே வேறோர் இடத்தில் கிடைத்திருந்தது. 2006ல் ஜான் ஸ்காட் தலைமையில் பிரிட்டனில் 253 பேரிடம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைச் சோதித்தார்கள்; 'சி.பி.டி.' என்று ஆலோசகர்கள் சொல்வது இதைத்தான். மொத்தத்தில் பயனில்லை, பன்னிரண்டுக்கும் குறைவான தாக்குதல்களைக் கண்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பயன். முடிவு தெரிந்த பிறகு பிரித்துப் பார்த்த கணக்குகள் இவை என்பதால் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். ஆனாலும் இரண்டு இடத்தில் ஒரே திசை. நம் ஊரில் 'கவுன்சலிங்' என்பது எல்லா மருந்தும் பார்த்து அலுத்தபிறகு கடைசியாக எழுதித்தரப்படும் சீட்டு. வரிசை தலைகீழாக இருக்கிறது.

அறிவாற்றல் சிகிச்சையை முழுதாக ஒதுக்கிவிடவும் முடியாது. லண்டனில் டொமினிக் லாம் 103 பேரிடம் நடத்திய சோதனையில் முதல் ஓராண்டில் நோய் திரும்பியவர்கள் 44 சதவீதம். சிகிச்சை பெறாத பக்கம் 75 சதவீதம். முப்பது மாதம்வரை பின்தொடர்ந்தபோது அந்த அனுகூலம் கரைந்துபோனது. இந்தப் பள்ளியின் கையேடுகளில் எனக்குப் பிடித்தவை அதன் சின்னச் சின்ன விதிகள். பெரிய யோசனை ஒன்று வந்தால் 48 மணி நேரம் கழித்துச் செய். நம்பிக்கையான இரண்டு பேரிடம் கேட்டபிறகு செய். வேகமாகப் பேசி, நிறையச் சாதித்து, எல்லாரையும் கவரும் நிலையையே தன் உண்மையான சுபாவமாக நினைப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சை குறைவாகவே பலித்தது என்றும் லாம் கண்டார். அவர்களைப் பொறுத்தவரை சிகிச்சையாளர் குணப்படுத்த வரவில்லை. தங்களைக் குட்டையாக்க வருகிறார்.

செலவைப் பற்றியும் ஒரு தகவல் உண்டு. கனடாவில் சாகர் பாரிக் குழுவினர் 204 பேரில் ஒரு பாதிக்கு 20 அமர்வு அறிவாற்றல் சிகிச்சையையும் மறுபாதிக்கு வெறும் 6 அமர்வு குழுக்கல்வியையும் கொடுத்து, 2012ல் முடிவை வெளியிட்டார்கள். பலன் கிட்டத்தட்ட ஒன்றே. செலவு ஆளுக்கு 1200 டாலர் ஒரு பக்கம், 180 டாலர் இன்னொரு பக்கம். கனடாவின் 2018 வழிகாட்டி, நோய் திரும்பாமல் தடுப்பதில் நோய்க்கல்வியை மட்டும் முதல் வரிசையில் வைத்தது.

அடுத்தது நேரம். பிட்ஸ்பர்க்கில் எல்லன் ஃபிராங்கும் சகாக்களும் 1988ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைச் சரிசெய்வது சூரியன் மட்டுமல்ல. எழும் நேரம், முதலில் முகம் பார்க்கும் ஆள், வேலைக்குக் கிளம்பும் நேரம், இரவுச் சாப்பாடு, படுக்கை ஆகியவையும் சரிசெய்கின்றன. வேலை போவது, குழந்தை பிறப்பது, ஊர் மாறுவது போன்ற நிகழ்ச்சிகள் இவற்றைக் கலைக்கின்றன. கலைந்தால், நோய்வாய்ப்பட்ட உடலில் கடிகாரமும் அதன் பின்னே மனநிலையும் சாய்கின்றன. இதிலிருந்து பிறந்த சிகிச்சையில் நோயாளி மேற்சொன்ன ஐந்து நேரங்களையும் தினமும் குறித்துவருவார். 175 பேரிடம் நடத்தி 2005ல் வெளியான சோதனையில், தாக்குதல் நடந்துகொண்டிருந்த கட்டத்திலேயே இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் அடுத்த இரண்டு ஆண்டில் அதிக காலம் நோயின்றி இருந்தார்கள். அன்றாட நேரங்கள் எவ்வளவு ஒழுங்காயினவோ அவ்வளவு பலன்.

தூக்கத்தை நேரடியாகத் தொட்ட சோதனைகள் அளவில் சின்னவை, ஆனால் கவனிக்கத்தக்கவை. கலிஃபோர்னியாவில் ஆலிசன் ஹார்வி, தூக்கமின்மைக்கான சிகிச்சையை இந்த நோய்க்கு ஏற்றபடி மாற்றி 58 பேரிடம் பார்த்தார். வழக்கமான தூக்கமின்மைச் சிகிச்சையில் படுக்கை நேரத்தைக் கடுமையாகக் குறைப்பார்கள். இங்கே அது எழுச்சியைக் கிளப்பிவிடும் என்பதால் ஆறரை மணிக்குக் கீழே இறக்கவில்லை. அடுத்த ஆறு மாதத்தில் நோயில் கழிந்த நாட்கள் சராசரி 3.3, ஒப்பீட்டுக் குழுவில் 25.5. நார்வேயில் 2016ல், எழுச்சியோடு மருத்துவமனையில் சேர்ந்த 23 பேரில் ஒரு பாதிக்கு நீல ஒளியைத் தடுக்கும் ஆரஞ்சு நிறக் கண்ணாடியையும் மறுபாதிக்குச் சாதாரணக் கண்ணாடியையும் மாலை 6 முதல் காலை 8 வரை ஏழு நாள் மாட்டச் சொன்னார்கள். மருந்து வழக்கம்போல. ஆரஞ்சுக் கண்ணாடிக்காரர்களின் எழுச்சி மதிப்பெண் 14 குறைந்தது. மற்றவர்களுக்கு 2கூட இல்லை. 23 பேரை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனால் இருட்டு காசில்லாமல் கிடைப்பது.

நம் ஊரில் இருட்டும் தூக்கமும் எப்போதெல்லாம் பறிபோகின்றன என்று ஒரு பட்டியல் மனதில் போட்டுப் பார்க்கலாம். சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசிக் கண்விழிப்பு. விடியற்காலை முகூர்த்தத்துக்கு முந்தைய மண்டப இரவு. தேர்வுக்கு முந்தைய வாரம். அமெரிக்க நேரத்துக்கு ஓடும் ஐ.டி. ஷிப்ட். இவற்றையெல்லாம் விட்டுவிடச் சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், சொல்பவரையும் மதிக்கமாட்டார்கள். கல்யாணத்துக்குப் போகலாம், பத்து மணிக்குத் தனியறையில் படுத்துவிடலாம். நைட் ஷிப்ட் வேண்டாம் என்று மருத்துவச் சான்று கேட்டு வாங்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் இந்த நோயுள்ள பெண்களுக்கு மிக ஆபத்தான காலம். தாய்வீட்டுக்கு அழைத்துவரும் நம் வழக்கம் இங்கே கைகொடுக்கும், ராத்திரிக் குழந்தையை அம்மாவோ சித்தியோ பார்த்துக்கொண்டு இவளைத் தூங்கவிட்டால். இரவெல்லாம் தானே விழித்துப் பாலூட்டுவதுதான் நல்ல தாய்க்கு அழகு என்று வற்புறுத்தினால், அதே தாய்வீடு எதிராகவும் திரும்பும்.

கெட்ட செய்திதான் நோயைக் கிளப்பும் என்று நினைக்கிறோம். ஷெரி ஜான்சனின் ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின: ஓர் இலக்கை எட்டிய சந்தோஷத்துக்குப் பிறகு எழுச்சி அறிகுறிகள் கூடுகின்றன. பதவி உயர்வு, நல்ல ரேங்க், வீடு கட்டி முடித்தது. பாராட்டு வந்து குவியும் வாரத்தில்தான் ஒன்பது மணிக்கு விளக்கணைக்கும் விதிக்கு வேலை அதிகம்.

குடும்பத்துக்கு வருவோம். டேவிட் மிக்லோவிட்ஸ் 1980களிலேயே, குத்திக்காட்டலும் பகையும் அளவுக்கு மீறிய தலையீடும் நிறைந்த வீடுகளுக்குத் திரும்பும் நோயாளிகள் சீக்கிரம் நோயில் விழுவதைப் பார்த்தார். அதிலிருந்து குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சையை உருவாக்கினார்: ஒன்பது மாதத்தில் 21 அமர்வுகள், நோயைப் புரிந்துகொள்வது, பேசிக்கொள்ளும் விதம், பிரச்சினையைச் சேர்ந்து தீர்ப்பது. 101 பேரிடம் நடத்தி 2003ல் வந்த முடிவு: இரண்டு ஆண்டில் நோய் திரும்பியவர்கள் 35 சதவீதம், மறுபக்கம் 54. அமெரிக்காவின் பெரிய கூட்டாய்வொன்று, மனச்சோர்வில் இருந்த 293 பேரிடம் மேலே சொன்ன அறிவாற்றல் சிகிச்சை, அன்றாட நேரங்களை ஒழுங்காக்கும் சிகிச்சை, குடும்பச் சிகிச்சை ஆகிய மூன்றையும் சோதித்து 2007ல் முடிவைச் சொன்னது. ஏதாவது ஒரு தீவிர சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டில் 64 சதவீதம் தேறினார்கள். மூன்று அமர்வு மட்டும் பெற்றவர்களில் 52 சதவீதம்.

இந்தியக் குடும்பம் இந்த விஷயத்தில் மேல் என்று நாமே நம்மைத் தட்டிக்கொடுத்துக்கொள்வது வழக்கம். 1980களில் சண்டிகரில் நடந்த ஆய்வுகள், லண்டனைவிட அங்கே குத்திப் பேசும் உறவினர்கள் குறைவு என்று காட்டியது உண்மை. அது ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளின் குடும்பங்களைப் பற்றியது, நாற்பது ஆண்டுக்கு முந்தையது. இன்றைய தமிழ் வீட்டில் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: "இன்னைக்கு மாத்திரை போட்டியா?" அக்கறையான கேள்விதான். ஆனால் தங்கை கல்யாணச் செலவில் மாற்றுக்கருத்து சொன்னாலும், சாம்பாரில் உப்பு இல்லை என்றாலும், நியாயமாகக் கோபப்பட்டாலும் இதே கேள்வி பதிலாக வந்தால், அந்த மனிதருக்கு வீட்டில் வாக்கு இல்லை என்று பொருள். கொஞ்ச நாளில் மாத்திரையே அவமானத்தின் சின்னமாகிவிடும், நிறுத்திவிடுவார். மிக்லோவிட்ஸ் முறையில் கணிசமான நேரம் இதற்கே போகிறது: எது நோய், எது அந்த ஆளின் சுபாவம், எது நியாயமான கோபம் என்று குடும்பம் பிரித்துப் பழகுவது. கேள்வியை எப்போது கேட்கலாம் என்று முன்பே பேசி வைத்துக்கொண்டால், அந்த ஒரு நேரத்தில் கேட்டுவிட்டு மிச்ச நேரத்தில் மனிதராக நடத்தலாம்.

தியானத்தைப் பற்றிக் கேட்பார்கள். 2013ல் ஆஸ்திரேலியாவில் 95 பேரிடம் மனநிறை தியானம் சார்ந்த சிகிச்சை சோதிக்கப்பட்டது. பதற்றம் கொஞ்சம் குறைந்தது. நோய் திரும்புவது குறையவில்லை. கைபேசிச் செயலிகளின் கதை இன்னும் சுவாரஸ்யம். கோபன்ஹேகனில் 78 பேர் தினமும் மனநிலையையும் தூக்கத்தையும் போனில் பதிந்து வந்தார்கள். 2015ல் வந்த முடிவில் மொத்தப் பலன் எதுவும் தெரியவில்லை. பதிந்தவர்களிடம் சோர்வு அறிகுறிகள் கொஞ்சம் கூடுதலாக நீடிக்கும் போக்குகூடத் தெரிந்தது. தினமும் 'நீ எவ்வளவு சோர்வாக இருக்கிறாய்' என்று கேட்டால் சோர்வு கண்ணில் பட்டுக்கொண்டேதானே இருக்கும்? மனநிலையைவிட நேரத்தைக் குறிப்பது மேல் என்பது என் கட்சி. எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனைக்கு எழுந்தேன் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. தினசரிக் காலண்டர் தாளே போதும்.

2021ல் மிக்லோவிட்ஸ் குழுவினர் 39 சோதனைகளை, 3863 பேரை, ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். பெயர்களை ஓரம்கட்டி, சிகிச்சைகளின் உட்கூறுகளைப் பிரித்துப் பார்த்ததுதான் அதன் சிறப்பு. குடும்பமாகவோ குழுவாகவோ நடப்பவை, அதிலும் வெறும் உரையாக இல்லாமல் வித்தைகளைச் செய்து பழகவைப்பவை, நோய் திரும்புவதைத் தடுப்பதில் மேலாக நின்றன. தனியறையில் ஒரு நோயாளியும் ஒரு ஆலோசகரும் என்ற, சினிமா நமக்குப் பழக்கியிருக்கும் ஏற்பாடு அந்த அளவுக்கு வரவில்லை.

இந்தியாவில் 2017 கணக்குப்படி இந்த நோயோடு வாழ்பவர்கள் சுமார் 76 லட்சம். 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி அவர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை. இங்கே 21 வகுப்பு என்று பேசுவது சிலருக்கு எரிச்சல் ஊட்டும். ஆனால் மான்செஸ்டரில் கற்றுக்கொடுத்தவர் நிபுணர் அல்ல. கனடாவில் ஆறு வகுப்பு போதுமானதாக இருந்தது. பார்சிலோனாவில் ஒரே அறையில் பத்துப் பேர். மாவட்ட மனநலத் திட்டத்தில் இருக்கும் உளவியலாளரோ சமூகப் பணியாளரோ மாதத்தில் இரண்டு பிற்பகல் ஒதுக்கினால் நடக்கக்கூடியது. அவசரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022ல் தொடங்கிய சேவை; தமிழிலும் பேசலாம்.

சட்டமும் ஓர் அடி முன்னால் போயிருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, வயதுவந்த எவரும் நலமாக இருக்கும்போதே ஒரு முன்னறிவிப்பு எழுதிவைக்கலாம்: முடிவெடுக்கும் திறன் போய்விட்டால் எனக்கு இப்படிச் சிகிச்சை தர வேண்டும், இப்படித் தரக் கூடாது, என் சார்பில் பேச வேண்டியவர் இன்னார். அதற்கு நோயாளியாகவே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதை மாற்ற வேண்டுமென்று மருத்துவரோ உறவினரோ நினைத்தால் மனநல மறுஆய்வு வாரியத்திடம்தான் போக வேண்டும். மான்செஸ்டர் தாளுக்கு இங்கே சட்டபூர்வமான ஓர் உடன்பிறப்பு இருக்கிறது.

இந்தத் தாளை எப்போது எழுதவைப்பது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். வார்டிலிருந்து வீட்டுக்குப் போகும் நாள் அதற்கு உகந்ததல்ல. மருந்தின் மயக்கமும், நடந்ததை நினைத்துக் கூசும் மனமும், பில் கட்ட நிற்கும் அப்பாவும் சேர்ந்த நாள் அது. இரண்டு மூன்று மாதம் கழித்து, ஆள் தெளிந்து, ஓ.பி.க்கு மாத்திரை வாங்க வரும் ஒரு காலைதான் சரி. அந்தக் காலையில் மருத்துவருக்கு ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஆகவே முதல் தாக்குதல் முடிந்து வருபவரையும் கூட வந்தவரையும் அரைமணி நேரம் தனியே உட்காரவைத்து அந்தத் தாளை எழுதவைக்கும் பொறுப்பை, ஓ.பி.யில் இருக்கும் நர்ஸிடமோ சமூகப் பணியாளரிடமோ பெயர் குறிப்பிட்டு ஒப்படைக்க வேண்டும்.